சில்லி தீவுகளுக்கு முதல் பாய்மரப் பயணம்: ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) பார்த்துப் போனவர்கள் சொல்லுங்கள்

நங்கூரப்பிடி:

மச்சான் ஒருவர் வரும் ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து, அதன் தென்மேற்கு முனைக்கு அப்பால் கடலில் இருக்கும் சில்லி தீவுகளுக்குப் படகில் கிளம்புகிறார். முதல் தடவை. எங்கே நங்கூரம் போடலாம் என்றுதான் கேட்கிறார். பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த ஆக்னஸ் காலைதான் கண்முன்னே வருகிறது.

செயின்ட் ஆக்னஸுக்கும் கூ தீவுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டு இங்கே எல்லாருக்கும் தெரியும். அதன் தெற்குக் குடாவில் போட்டிருந்தோம். பௌர்ணமி கழிந்த மறுநாள். மதியம் போய்ச் சேர்ந்தபோது திட்டு முழுக்க வெள்ளை மணல். பிள்ளைகள் பந்து விளையாடினார்கள், ஒரு குடும்பம் துண்டு விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் அசையவே இல்லை. நிம்மதியாகத் தூங்கினோம்.

விடிகாலை ஐந்தரை இருக்கும், சங்கிலி பாறையில் உரசுகிற சத்தம். மேலே வந்து பார்த்தால் திட்டைக் காணோம். பந்து விளையாடிய இடத்தின் மேல் தண்ணீர் சலசலவென்று இந்தப் பக்கம் பாய்கிறது. காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, படகுகள் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. பக்கத்துப் படகின் பின்புறம் எங்கள் முகப்புக்குக் கை எட்டும் தூரத்தில். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு, கையில் ஃபெண்டர் (படகுகள் மோதாமல் இடையில் கொடுக்கும் காற்றுப் பை). என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வெகுநேரம் இரண்டு பேரும் பேசாமல் அப்படியே நின்றோம். நீர் இறங்கத் தொடங்கியதும் படகுகள் விலகின. அவர் ஃபெண்டரைக் கட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் திட்டைத் தாண்டும் நேரம் தெரிந்து, அதற்கு முன்பே எழுந்து ஃபெண்டரோடு நின்றிருக்கிறார். மச்சானுக்கு இடத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு அங்கே என்ன நடந்தது, எழுதுங்கள்.

மஞ்சள்பாய்:

அஷ்டமி பார்த்துப் போகச் சொல்லுங்கள், வேலை முடிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே நீர் ஏறி இறங்குவது சுமார் 5 மீட்டர். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூடக் கிடையாது. நான் போனது அப்படிப்பட்ட வாரத்தில்தான். செயின்ட் மேரிஸ் தீவில் படகிலிருந்து படித்துறைக்கு ஏறிய ஒரு பெண் கையில் இரண்டு காபியோடு ஏறினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. நீர் அவ்வளவு அடக்கமாக இருந்தது. முதல் பயணத்துக்கு அதுதான் வேண்டும்.

டிரெஸ்கோ ரசிகை:

மஞ்சள்பாய் சொல்வது பாதுகாப்புக்குச் சரி. ஆனால் அஷ்டமியில் போய் அஷ்டமியிலேயே திரும்பினால் சில்லியில் பாதியைப் பார்க்காமல் வருகிறீர்கள். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமாவாசை முடிந்த சமயம், டிரெஸ்கோ தீவின் நியூ கிரிம்ஸ்பியில் மிதவையில் கட்டியிருந்தோம். நடுப்பகலில் நீர் அடியோடு இறங்கியது. எதிரே உள்ள பிரையர் தீவுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி கைத்தடியும் நாயுமாக டிரெஸ்கோவுக்கு நடந்தே வந்தார். காலையில் படகுகள் போன வழி அது. என் கணவர் அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் என்னை விடாமல் இருப்பது சாம்சன் தீவுப் பக்கம் பார்த்தது. சின்ன ரப்பர் படகில் அந்த மணல்வெளிக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் பாசி படிந்த கற்கள், ஒன்றையொன்று தொட்டபடி நேர்கோட்டில் போகின்றன. பாறை அப்படிக் கிடக்காது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள், வரப்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஒரு இடத்தில் கோடு செங்குத்தாகத் திரும்பியது, வயலுக்கு வயல் திரும்புகிற மாதிரியே. அங்கே நின்றுவிட்டேன். இந்தத் தீவுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தன, கடல் மெல்ல மெல்ல ஏறிப் பிரித்தது. அந்தக் கற்களைப் பழங்கால வயல் வரப்புகள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். யாரோ உழுத மண்ணில் என் காலடியில் நண்டு ஓடிக்கொண்டிருந்தது. சாம்சனில் கடைசியாக இருந்த குடும்பங்களையும் 1855இல் வெளியேற்றிவிட்டார்கள், வீட்டுச் சுவர்கள் மேட்டில் இன்னும் நிற்கின்றன.

அஷ்டமியில் அந்தக் கற்கள் உங்கள் படகுக்கு அடியில் இருக்கும், தெரியாது. என் யோசனை, அஷ்டமியில் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் தங்கினால் இரண்டும் கிடைக்கும்.

பழைய மாலுமி:

தூத்துக்குடிக்காரன், வணிகக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவன். சில்லி மண்ணில் கால் வைத்ததில்லை. அட்லாண்டிக் தாண்டி வரும்போது சில்லியின் மேற்கு ஓரத்திலுள்ள பிஷப் ராக் கலங்கரை விளக்கைப் பார்த்திருக்கிறேன். 15 விநாடிக்கு ஒரு முறை, அடுத்தடுத்து இரண்டு மின்னல். நான் இளைய அதிகாரியாகக் காவலில் நின்ற ஓர் இரவில் விளக்கு தெரிகிறது என்று கேப்டனுக்குச் சொன்னேன். அவர் மேலே வந்து ராடாரைப் பார்க்கவில்லை. நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தைத் தானே எண்ணினார். திரும்பத் திரும்ப எண்ணினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, தான் இருக்கும் இடம் தெரியும் என்று நினைத்தவர்கள்தான் இந்தப் பாறைகளில் கிடக்கிறார்கள் என்றார். 1707 அக்டோபரில் தளபதி ஷோவலின் கடற்படை இங்கே மோதி, ஒரே இரவில் நான்கு கப்பல்கள் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிஷப் ராக்கில் விளக்கு வந்தது 1858இல்.

சரி, மச்சானுக்கு. முதலில் வரைபடத்தில் பச்சை நிறப் பகுதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கோடிட்ட எண் இருந்தால் அந்த இடம் தாழ்ந்த நீரில் அவ்வளவு உயரத்துக்கு வெளியே தெரியும் என்று பொருள். 1.7 என்று போட்டிருக்கிறது, படகின் அடி 1.5 மீட்டர் தண்ணீருக்குள் இருக்கும், கீழே அரை மீட்டராவது இருக்க வேண்டும் என்றால் கூட்டினால் 3.7. ஓத உயரம் 3.7 மீட்டரைத் தொடும் முன் அங்கே போகக் கூடாது. போவதானால் ஏறுகிற நீரில் போகட்டும். தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். இறங்குகிற நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். அதுவும் பௌர்ணமி ஓதத்தின் உச்சியில் தட்டி உட்கார்ந்தால், அடுத்து அதே உயரத்துக்குத் தண்ணீர் வர இரண்டு வாரம்கூட ஆகலாம்.

நீர் ஒரே சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்கு போட்டால் முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, கடைசி மணியில் 1. 5 மீட்டர் என்றால் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் இரண்டரை மீட்டர் மாறும். நங்கூரச் சங்கிலியை உயர்ந்த நீரின் ஆழத்துக்குக் கணக்கிட்டு விட வேண்டும். நீர் இறங்கும்போது அதே சங்கிலியில் படகு சுற்றுகிற வட்டம் பெரிதாகும், அதையும் சேர்த்துப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். ஓத அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினால் நீர் மட்டம் சுமார் 1 செ.மீ. குறையும், நல்ல வெயில் நாளில் அட்டவணை சொல்வதைவிட 20 செ.மீ. குறைவாக இருந்தால் ஆச்சரியமில்லை. மூடுபனி என்றால் கிளம்பவே வேண்டாம். இதை எல்லாம் காகிதத்தில் எழுதி, மேசையில் ஒட்டச் சொல்லுங்கள்.

மஞ்சள்பாய்:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், இப்போது செயலியே நிமிடத்துக்கு நிமிடம் வளைகோடு போட்டுக் காட்டுகிறது. புதிதாக வருகிறவரைப் பன்னிரண்டு பங்கு, அழுத்தம் என்று மிரட்டினால் அவர் கரையிலேயே நின்றுவிடுவார்.

பழைய மாலுமி:

தம்பி, செயலி எண்ணைச் சொல்லும். அந்த எண்ணோடு வரைபடத்தின் எண்ணைக் கூட்டவா கழிக்கவா என்று மச்சானுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு தடவை கையால் போட்டுப் பார்க்கட்டும், பிறகு செயலியை நம்பட்டும். அதற்கு மேல் நான் சண்டைக்கு வரவில்லை.

கிரான்வில் கரை:

அண்ணைமார் 5 மீட்டருக்கு இவ்வளவு எழுதுகிறீர்கள். நான் பிரான்சில் கிரான்வில் பக்கம் இருக்கிறேன். இங்கே பெரிய ஓதத்தில் 14 மீட்டர் வரைக்கும் போகும். எங்கள் துறைமுக வாசலில் ஒரு தடுப்புச் சுவர், அதன் மேல் எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று பெரிய பலகை காட்டும். அது சொன்னால்தான் உள்ளேயும் வெளியேயும் போகலாம்.

வேலையிடத்து நண்பரோடு ஷோசே தீவுகளுக்குப் போனேன், சுமார் 9 கடல் மைல்தான். உயர்ந்த நீரில் 52 தீவு, தாழ்ந்த நீரில் 365 என்று ஊர்க்கதை. எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் நீர் இறங்க இறங்கக் கல் முளைப்பதைக் கண்ணால் கண்டேன். அவருடையது இரட்டைக் கீல் படகு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு இரண்டு உள்ளது. தண்ணீர் போனதும் மணலில் நேராக உட்கார்ந்தது. நான் ஏணி போட்டு இறங்கி, நாங்கள் மிதந்து வந்த படகைச் சுற்றி நடந்து, அதன் அடியைக் கையால் தொட்டேன். சிப்பிகள் ஒட்டியிருந்தன, இன்னும் ஈரம்.

பிறகு மட்டி பொறுக்கிக்கொண்டே வெகுதூரம் போய்விட்டோம். நான் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அது தூரத்தில் அமைதியாக இருந்தது. நண்பர் மட்டும் எங்களுக்கும் படகுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரும்போது காய்ந்திருந்த பள்ளம். அதில் ஒரு விரல் தடிப்பில் தண்ணீர், நுரையோடு, சத்தமே இல்லாமல் ஊர்ந்து வந்தது. வாளியைத் தூக்கு, போவோம் என்றார். நாங்கள் அதைத் தாண்டும்போது கணுக்கால். படகில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அதில் ஒரு ஆள் மூழ்குவான் என்று பட்டது. 12 மீட்டர் ஏற்றத்தில் நடு மணி நேரங்களில் நிமிடத்துக்கு 5 செ.மீ. தண்ணீர் ஏறும்.

ஆகவே ரசிகை அக்கா, அந்த வரப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கோ. தாழ்ந்த நீருக்கு ஒரு மணி முன்பே போய், நீர் திரும்பும் நேரத்துக்குப் படகடிக்கு வந்துவிட வேண்டும். பார்க்க வேண்டியது முன்னால் இருக்கும் கடலை அல்ல, பின்னால் இருக்கும் பள்ளத்தை.

டிரெஸ்கோ ரசிகை:

தம்பி சொன்னது நூறு சதவீதம் சரி, சேர்த்துக்கொள்கிறேன். நாங்கள் போனபோதும் ஒருவர் ரப்பர் படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

கரையோரம்:

யாரும் வழியைப் பற்றிச் சொல்லவில்லையே. ஃபால்மத்திலிருந்து ஒரே மூச்சில் போனால் சுமார் 60 கடல் மைல். வழியில் நியூலின் துறைமுகத்தில் ஒரு இரவு தங்கினால் மிச்சம் சுமார் 35. இங்கிலாந்தின் மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டுக்கும் சில்லிக்கும் நடுவில் பெரிய கப்பல்கள் போக ஒன்று, வர ஒன்று என்று பிரித்த தடம் இருக்கிறது, குறுக்கே போவதானால் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். அதற்கு அருகில்தான் செவன் ஸ்டோன்ஸ் பாறைகள், 1967இல் டாரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் மோதிய இடம்.

தீவுக்கு வந்ததும் கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்குக் குரோ சவுண்டு வழிதான் கிட்டத்தில் தெரியும். நாங்கள் அந்தப் பக்கம் நெருங்கியபோது எங்களுக்கு முன்னால் போன படகு பாயை இறக்கிவிட்டு நின்றுவிட்டது. முகப்பில் ஒரு சிறுமி படுத்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்து, மணல் தெரிகிறது அப்பா, மணல் தெரிகிறது என்று கத்தினாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அங்கே குரோ பார் என்கிற மணல்மேடு குறுக்கே கிடக்கிறது. நாங்கள் திரும்பி, தெற்கே சுற்றி செயின்ட் மேரிஸ் சவுண்டு வழியாக வந்தோம். ஆழமான வழி, மிதவைகளும் உண்டு. முதல் தடவைக்கு அதுவே போதும்.

நங்கூரப்பிடி:

எல்லாருக்கும் நன்றி. மச்சானிடம் பேசிவிட்டேன். நியூலினில் தங்கி, அஷ்டமிக்கு முந்தின நாள் தாண்டுகிறார். செயின்ட் மேரிஸ் சவுண்டு வழி. எல்லாக் காற்றுக்கும் மறைப்பான இடம் அங்கே ஒன்றுகூடக் கிடையாது என்பதால் காற்றின் திசைக்கு ஒன்றாக இடங்களைக் குறித்துக்கொண்டார். வடமேற்குக் காற்று வந்தால் நியூ கிரிம்ஸ்பியை விட்டுவிடுவார். மாலுமி ஐயா சொன்ன கணக்கை நேற்று இரவு தொலைபேசியில் போட்டுக் காட்டினார், 3.7 சரியாக வந்தது. ஒரு வாரம் தங்கி, கடைசியில் பெரிய ஓதம் வரும்போது சாம்சன் போகிறாராம்.

கிரான்வில் தம்பி, ஒரு கேள்வி. அவருடையது ஒற்றைக் கீல் படகு. காயவிட்டு நிறுத்தப் பக்கவாட்டில் முட்டுக்கால் கட்டுவார்களே, அந்த மணலில் அது தாங்குமா?

கிரான்வில் கரை:

கெட்டி மணலில் தாங்கும். ஆனால் நீர் இறங்கியிருக்கும்போது முதலில் நடந்துபோய்த் தரையைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும், கல்லோ சேறோ இருந்தால் ஒரு கால் புதைந்து படகு சாயும். முதல் பயணத்தில் வேண்டாம், மிதவையிலேயே கட்டச் சொல்லுங்கோ.