பாசிர் ரிஸ் பார்க்கில் இருப்பது பூவரசா?

கடலோர நடை:
வணக்கம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், பட்டுக்கோட்டைப் பக்கம். வீட்டில் அடைந்து கிடந்தால் அவருக்குப் பொழுது போகாது என்று சனிக்கிழமை காலையில் இங்கே சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பார்க்குக்கு நடக்கக் கூட்டிப் போகிறேன். அலையாத்திக் காட்டுக்குள் போகும் மரப்பாதை ஓரத்தில் ஒரு மரத்தைப் பார்த்ததும் "அட, நம்ம பூவரசு!" என்றார். இதய வடிவ இலை, மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் மாலையில் போனால் அதே மரத்தடியில் பூவெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாக உதிர்ந்து கிடக்கிறது. ஊரில் இப்படிப் பார்த்ததில்லையே என்று அவரே குழம்பிவிட்டார். (இலையைப் பறித்துப் பீப்பி ஊதிக் காட்டுகிறேன் என்று வேறு கிளம்பினார், கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.)

இன்னொன்று. நீல முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, ஓயாமல் கத்தும் ஒரு பறவை. மீன்கொத்தி மாதிரி இருக்கிறது, ஆனால் தண்ணீர்ப் பக்கமே போகாமல் புல்தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என்ன அது?

பிளாக் மூலை:
பூவரசுதான். இங்கே வெயிலும் மழையும் வேறு, அதனால் நிறம் மாறும். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

சேற்றுச்செருப்பு:
பிளாக் மூலை அண்ணே, வெயில் மேல் பழி போடாதீங்க. 😄 கடலோர நடை, நீங்கள் சொல்லும் நிறத்தை வைத்துப் பார்த்தால் அது நீர்ப்பருத்தி. பூவரசும் நீர்ப்பருத்தியும் ஒரே பருத்திக் குடும்பம், இரண்டும் சிங்கப்பூர்க் கடலோரத்துக்குச் சொந்த மரங்கள்தான், அதனால் அப்பா குழம்பியதில் தப்பே இல்லை. நீர்ப்பருத்தி காலையில் மஞ்சளாகப் பூத்து, பொழுது சாயச் சாய ஆரஞ்சாகி, சிவந்து உதிரும். பூவரசம்பூவும் வாடும்போது நிறம் மாறும், ஆனால் அது ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத்தான் போகும்.

பூ இல்லாத நாளிலும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். கீழே கிடக்கும் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நீர்ப்பருத்தி என்றால் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையாக, தடவினால் மெல்லிய ரோமம் மாதிரி இருக்கும். பூவரசிலை இரண்டு பக்கமும் வழவழ. காயும் வேறு, நீர்ப்பருத்திக் காய் முற்றினால் வெடித்துத் திறக்கும், பூவரசங்காய் மூடினபடியே கிடக்கும். அந்தக் காலத்தில் நீர்ப்பருத்திப் பட்டையில் கயிறு திரித்தார்கள். பறிக்காமல் தடுத்தது நல்லது, பூங்காவில் அனுமதியில்லாமல் செடிகொடியில் கை வைக்கக்கூடாது. பீப்பி ஆசை இருந்தால் உதிர்ந்த இலையையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்த்தான் ஊத வேண்டும்.

அப்பாவுக்குப் பிடிக்கும் என்றால் புன்னை, தாழை, அடும்பு மூன்றையும் தேடிக் காட்டுங்கள். நெய்தல் திணைப் பாட்டுகளில் வருகிற அதே மூன்றும் இந்தத் தீவுக் கடற்கரைகளிலும் இயற்கையாக வளர்பவை. மணலில் படர்ந்து, ஆட்டுக் குளம்பு மாதிரிப் பிளந்த இலையோடு இருப்பது அடும்பு. நான் முதலில் பார்த்தபோது பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடம் திடீரென்று காலடியில் கிடந்த மாதிரி இருந்தது, மிகைப்படுத்தவில்லை.

நடுப்பகல் நாரை:
பறவைக்கு நான் பதில் சொல்கிறேன். அது வெண்பட்டைக் கழுத்து மீன்கொத்தி. இங்கிலீஷில் காலர்ட் கிங்ஃபிஷர். ஊரில் நாம் பார்ப்பது பழுப்புத் தலை, வெள்ளை மார்பு உள்ள வேறு இனம், அதுவும் இங்கே உண்டு. பெயர்தான் மீன்கொத்தி, இது நண்டு, ஓணான், பூச்சி எல்லாம் பிடிக்கும், அதனால்தான் புல்தரையைக் காவல் காக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி வீடு) பிளாக் நடுவில்கூட இதன் சத்தம் கேட்கலாம்.

ஒரு யோசனை, கடிகாரத்தைப் பார்த்துப் போகாமல் ஓதத்தைப் பார்த்துப் போங்கள். நீர் வற்றியிருக்கும்போது மரப்பாதையிலிருந்து பார்த்தால் சேற்றில் தாவும் மீன், நண்டு எல்லாம் தெரியும், அவற்றைத் தின்ன வரும் கொக்கும் தெரியும். நீர் ஏறியிருந்தால் வேரும் தண்ணீரும்தான். மூன்று மாடிப் பறவைக் கோபுரம் ஒன்று இருக்கிறது, ஏறிப் பாருங்கள். சாம்பல் நாரைகள் மரத்தில் கூடு கட்டியிருந்தால் சத்தமும் வாடையும் வழி காட்டும். இருவாட்சியும் வரும். 1800களில் சிங்கப்பூரிலிருந்து காணாமல் போய், 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்ட பறவை அது.

பெரிய கேமராக்காரர்கள் கூட்டமாக நின்றால் பெரும்பாலும் ஆந்தைதான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், பகலில் தூங்குகிற பிராணியை முப்பது பேர் சூழ்ந்து நிற்பது எனக்கு உறுத்துகிறது. அப்புறம், ரொட்டி போடாதீர்கள். வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

கடலோர நடை:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை போய் உதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தோம், அடிப்பக்கம் வெள்ளை, ரோமம். நீர்ப்பருத்திதான். அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை, அப்புறம் "அப்போ பூவரசு எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து இலையைத் திருப்ப ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம். இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் சாங்கி கடற்கரைக்குப் போகலாம் என்கிறார், அந்தப் பக்கம் எங்கே நிற்கிறது என்று யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.