33 மைக்ரோஹென்றி காயில் மாற்றியும் லோடு ஏற்றினால் 5 வோல்ட் நிற்கவில்லை

கேள்வி:
வணக்கம். எல்எம்2596 (வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்விட்சிங் ஐசி) போர்டு, 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட். லோடு 2 ஆம்பியர். போர்டில் இருந்த காயில் உடைந்துவிட்டது. அதன் மேல் 330 என்று இருந்தது. ரெசிஸ்டர் மாதிரியே இருக்கும் பச்சை நிற 33 மைக்ரோஹென்றி காயிலை (ஆரஞ்சு, ஆரஞ்சு, கருப்பு) மாற்றிப் போட்டேன். லோடு இல்லாமல் 5.02 வோல்ட், 0.3 ஆம்பியரில் பிரச்சினை இல்லை. 2 ஆம்பியர் ஏற்றினால் 3.8 வோல்ட்டுக்கு இறங்குகிறது. காயில் தொட முடியாத சூடு. மல்டிமீட்டரில் 0.9 ஓம் காட்டுகிறது. ஷார்ட் ஆகிவிட்டதா? அவுட்புட் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

பதில் 1:
ஷார்ட் இல்லை. காயில் என்பது சுற்றிய கம்பிதான், அதனால் குறைந்த ஓம் காட்டத்தான் செய்யும். ஓம் மீட்டர் கம்பியின் தடையை மட்டுமே சொல்லும், ஹென்றியைச் சொல்லாது. மதிப்பையும் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்: 330 என்றால் 33, அதற்குப் பின் பூஜ்ஜியம் ஏதுமில்லை.

கோளாறு ஆம்பியரில் இருக்கிறது. ரெசிஸ்டர் வாங்கும்போது வாட் பார்ப்போம், கெபாசிட்டருக்கு வோல்ட் பார்ப்போம். காயிலுக்குப் பார்க்க வேண்டியது ஆம்பியர். அந்தப் பச்சைக் காயில்கள் பெரும்பாலும் சில நூறு மில்லிஆம்பியருக்கானவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டியூட்டி (ஐசியின் ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும் நேரத்தின் பங்கு) 5/12, அதாவது 0.417. ஐசி ஸ்விட்ச் ஆகும் வேகம் 150 கிலோஹெர்ட்ஸ், காயிலின் குறுக்கே 12 − 5 = 7 வோல்ட். ரிப்பிள் (காயில் கரண்டின் ஏற்ற இறக்கம்) = 7 வோல்ட் × 0.417 ÷ (33 மைக்ரோஹென்றி × 150 கிலோஹெர்ட்ஸ்) = சுமார் 0.6 ஆம்பியர். அதில் பாதியை 2 ஆம்பியருடன் கூட்டினால் உச்சம் 2.3. அந்த அளவில் உங்கள் காயிலின் ஃபெரைட் (உள்ளே இருக்கும் காந்தப் பொருள்) நிறைவுற்றுவிடும், அதாவது அதற்கு மேல் காந்தமாகாது. இண்டக்டன்ஸ் (மைக்ரோஹென்றி மதிப்பு) சரிந்து, கரண்ட் செங்குத்தாக ஏறி, ஐசியின் கரண்ட் லிமிட் குறுக்கிட்டு அதைத் தடுக்கிறது. 3.8 வோல்ட் வருவது இதனால்தான். 0.9 ஓமில் ஏற்படும் வோல்ட் இழப்பு மட்டும் என்றால் ஐசி டியூட்டியைக் கூட்டி ஈடுகட்டியிருக்கும். ஆனால் சூட்டுக்கு அந்த ஓமும் காரணம்: 2 × 2 × 0.9 = 3.6 வாட். அவ்வளவு சின்ன உடல் அதைத் தாங்காது.

பதில் 2:
கெபாசிட்டரைப் பெரிதாக்குவது இங்கே உதவாது. கெபாசிட்டர் தன் வோல்டேஜ் சட்டென்று மாறுவதை எதிர்க்கும். காயில் தன் கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும். இங்கே தாறுமாறாக ஏறுவது கரண்ட். ரெசிஸ்டர் இரண்டையும் செய்யாது, ஆற்றலைச் சூடாக்கித் தள்ளிவிடும்.

வாங்க வேண்டியது: 33 மைக்ரோஹென்றி, நிறைவுறும் கரண்ட் 3 ஆம்பியராவது, தடை 0.1 ஓமுக்குள். டேட்டாஷீட்டில் இரண்டு கரண்ட் இருக்கும், ஒன்று நிறைவுக்கு, ஒன்று சூட்டுக்கு. குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைவுக் கரண்டை எப்படி வரையறுக்கிறார்கள் என்பதையும் படியுங்கள்; இண்டக்டன்ஸ் 10% குறையும் இடத்தைச் சிலர் போடுவார்கள், சிலர் 30% குறையும் இடத்தை.

கேட்டவர்:
நானே சுற்றலாமா? பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மஞ்சள்-வெள்ளை வளையங்கள் இருக்கின்றன. பச்சை ஃபெரைட் வளையம் ஒன்றும் இருக்கிறது.

பதில் 1:
மஞ்சள்-வெள்ளையை எடுங்கள். அது இரும்புத் தூள் வளையம், மெதுவாகத்தான் நிறைவுறும். வெளிவிட்டம் 12.7 மி.மீ. உள்ள டி50-26 (வளையத்தின் அளவையும் பொருளையும் சொல்லும் எண்) என்றால் 32 சுற்று, 0.8 மி.மீ. எனாமல் கம்பி. வளையம் பெரியதானால் சுற்று குறையும். டி106-26 என்றால் 19 போதும். பச்சை ஃபெரைட் வேண்டாம். காந்தப் பாதையில் இடைவெளி இல்லாத ஃபெரைட் வளையம் சிறிய டிசி கரண்டுக்கே நிறைவுற்றுவிடும். மெயின்ஸ் பக்க ஃபில்டருக்குத்தான் அது.

பதில் 3:
மாற்றிய பின் லோடைப் படிப்படியாக ஏற்றுங்கள். 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் நான்கு எடுத்து, ஒவ்வொன்றாக பேரலலில் சேர்த்தால் 0.5, 1, 1.5, 2 ஆம்பியர் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் விட்டு வோல்டேஜையும் சூட்டையும் பாருங்கள். ஆசிலாஸ்கோப் இருந்தால் காயிலோடு தொடராக 0.1 ஓம் வைத்து அதன் குறுக்கே பாருங்கள். நேர்க்கோட்டு முக்கோணம் தெரிந்தால் நல்லது. உச்சிக்கு அருகே கோடு மேல்நோக்கி வளைந்தால் நிறைவு தொடங்கிவிட்டது.

இன்னொன்று: போர்டில் உள்ள எஸ்எஸ்34 டயோடை (ஸ்விட்ச் ஆஃப் ஆகும்போது காயில் கரண்டுக்கு வழி விடுவது) கழற்றிவிட்டு மட்டும் சோதிக்காதீர்கள். சார்ஜ் ஆன கெபாசிட்டரைத் திறந்தபடி விடலாம், கரண்ட் ஓடும் காயிலை விட முடியாது. டயோடு இல்லாவிட்டால் ஐசியின் அவுட்புட் கால் அனுமதிக்கப்பட்ட மைனஸ் 1 வோல்ட்டைத் தாண்டிக் கீழே இழுக்கப்படும், ஐசி போய்விடும்.