மின்னழுத்தக் காவலுணர்த்தி: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்னழுத்தம் எல்லை மீறும்போது மோட்டாரை நிறுத்தச் சொல்லும் ரிலேவை (வோல்டேஜ் மானிட்டரிங் ரிலே) தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: மின்னழுத்தத் துண்டிப்பான், மின்னழுத்தக் காப்பி, மின்னழுத்தக் கண்காணி. மூன்றுமே எனக்கு நிறைவு தரவில்லை. காரணம் எங்கள் கிணற்றடியில் இருக்கிறது.

எங்கள் 5 குதிரைத்திறன் மோட்டார் எரிந்த அன்று, பலகையில் மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன. சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று இருந்தன. நீலம் மட்டும் சற்று மங்கல். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை (ஃபேஸ்) அறுந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்த முனையில் தானே ஓரளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும். விளக்கு அணையாது. மீதி இரண்டு முனைகளும் முழுப் பளுவையும் இழுப்பதால் அவற்றில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகும். வார்னிஷ் கருகும் நாற்றம் வந்த பிறகே ஓடிப்போய் நிறுத்தினேன். காயில் கட்டும் கடையில் பிரித்துப் பார்த்தபோது இரண்டு முனைகளின் சுருள்கள் கரியாகியிருந்தன. மூன்றாவதின் சுருள் புதிது போலப் பளபளத்தது. பிரிவென்டர் (ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் இவ்வகை ரிலே) இருந்திருந்தால் தப்பியிருக்கும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கன்டென்சர் (மின்தேக்கி) வைத்து ஓட்டுவதற்காக அதை நாங்களே விலக்கி வைத்திருந்தோம்.

அந்தக் கருவி என்ன செய்கிறது? மூன்று முனைகளின் அழுத்தத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபடி இருக்கிறது. ஏறுமாறானால் சில நொடி பொறுத்துவிட்டுத் தன் தொடுமுனையை (கான்டாக்ட்) திறக்கிறது. உடனே கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்சு) காயிலுக்கு மின்சாரம் நின்றுபோய், கான்டாக்டர் விடுபடுகிறது. மோட்டாரைத் துண்டிப்பது கான்டாக்டர்தான். ஆகவே துண்டிப்பான் பொருந்தாது. ‘காப்பு’ என்பதை மின்கடத்தாப் பூச்சுக்கும் உறைக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். கண்காணி நல்ல சொல்தான். ஆனால் இலங்கை, மலேயத் தோட்டங்களின் கங்காணி முறையை அனுபவித்த குடும்பங்களுக்கு அது வெறும் சொல் அல்ல. தவிர, கண்காணி பார்ப்பதோடு நிற்கிறது. பார்த்ததைச் சொல்வது அதில் இல்லை.

ரிலே என்ற சொல்லும் நமக்குப் பெரிதாக உதவாது. பிரெஞ்சு மூலத்தில் அது வழியில் மாற்றிக்கொள்ளும் புதுக் குதிரைகளைக் குறித்தது. களைத்த தந்திக் குறியீட்டைப் புது மின்கலத்தின் வலுவோடு மேலே அனுப்பிய கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தியது. அந்தப் பொருளுக்கு நம்மிடம் ‘அஞ்சல்’ உண்டு. இலங்கையில் இன்றும் அஞ்சலோட்டம் என்கிறார்கள். நம் கருவியோ எதையும் வாங்கிக் கைமாற்றுவதில்லை. தானே அறிந்து, மற்றொன்றுக்கு அறிவிக்கிறது. இதற்கு ‘உணர்த்தி’யைவிடச் சிறந்த சொல் எனக்குத் தெரியவில்லை. உணர்வது உணரி, உணரச் செய்வது உணர்த்தி. தன்வினை, பிறவினை என்று நாம் பள்ளியில் படித்த வேறுபாடே இங்கே சென்சாரையும் ரிலேவையும் பிரித்துக் காட்டிவிடுகிறது!

முன்னொட்டாகக் ‘காவல்’ வைக்கலாம். தினைப்புனத்துப் பரணில் காவல் இருப்பவர் யானையைப் பிடிப்பதில்லை. கண் விழித்திருக்கிறார், வந்தால் தட்டை அடித்துக் குரல் கொடுக்கிறார். பார்ப்பதும் காப்பதும் காவல் என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எனவே என் பரிந்துரை: மின்னழுத்தக் காவலுணர்த்தி.

நீளம் என்பீர்கள். கருவியின் அகலமே பெரும்பாலும் 22.5 அல்லது 35 மில்லிமீட்டர்தான் என்பதும் உண்மை. முகப்பில் ‘அழுத்தக் காவல்’ என்று பொறித்தால் போதும்; முழுப்பெயர் கையேட்டில் இருக்கட்டும்.

இதை ஏற்றால் உறவுச் சொற்களும் எளிதாக வரும். பொறியாளர்கள் 27 என்ற கருவி எண்ணால் குறிப்பது தாழழுத்தக் காவல், 59 மிகையழுத்தக் காவல். மோட்டார் கிளம்பும்போது அழுத்தம் ஒரு கணம் சரியும். அதைப் பொருட்படுத்தாமல் விடும் நேரம் பொறுதி நேரம். 415 வோல்ட் இணைப்பில் 360-க்கு நிறுத்தும்படி வைத்தால், 361 வந்ததுமே மீண்டும் இணைக்கக் கூடாது. 375 வரையாவது காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கான்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும், அதன் தொடுமுனைகள் தீய்ந்துவிடும். அந்த 15 வோல்ட்டை மீள்வு இடைவெளி என்கிறேன்.

ஃபேஸுக்குக் ‘கட்டம்’ என்று எழுதுவோரும் உண்டு. நாளிதழும் விவசாயியும் மும்முனை மின்சாரம் என்றே சொல்வதால் நான் முனையை விடமாட்டேன். ஆனால் கம்பியைப் பொருத்தும் டெர்மினலையும் முனை என்றால் குழப்பம் வரும். மேலே நான் எழுதிய தொடுமுனையிலும் அதே சிக்கல் இருக்கிறது. அவ்விரண்டுக்கும் வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.