நோர்வேயின் மொல்டே ஊரில் குடிபூரலுக்கு எப்படிப் போவது?

சித்தி: சனிக்கிழமை எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு எல்லோரும் நேரத்தோடு வாங்கோ. ரயில் மொல்டே வரை வராது. ஒன்டால்ஸ்னெஸ்ஸில் தண்டவாளம் முடிந்துவிடும்.

நான்: ஒஸ்லோவில் ஏறி டொம்போஸில் மாற வேண்டும், அப்படித்தானே?

சித்தி: ஓம். அங்கே ஒரு சின்ன டீசல் ரயில் வரும். அந்த 114 கிலோமீட்டருக்கு இன்னும் மின்சாரம் போடவில்லை.

அம்மம்மா: இறங்கிக் குளிரில் நிற்க வேண்டி வருமோ?

சித்தி: இல்லை அம்மா. ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் பஸ் விடுகிறார்கள். மொல்டே பஸ், ஓலெசுண்ட் பஸ் இரண்டுமே நிலையத்தடியில் நிற்கும். ஆனால் ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காய வேண்டியதுதான். ஒரு நாள் ரயிலை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம்.

மாமா: 1924 நவம்பரில் திறந்தபோது கடற்கரை ஊர்களுக்கும் பாதையை நீட்டுவதாகத்தான் பேச்சு. நூறு வருஷம் போய்விட்டது, இன்னும் பஸ்தான் 😄

தம்பி: மாமா தொடங்கிவிட்டார்.

மாமா: டேய், கேள். 1940 ஏப்ரலில் ஜெர்மன்காரன் ஒஸ்லோவுக்குள் வந்த அன்றே நோர்வே வங்கியின் தங்கத்தை லொறிகளில் ஏற்றி லில்லெஹாம்மருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய 50 தொன். அங்கிருந்து ரயிலில் வந்து சேர்ந்தது இதே ஒன்டால்ஸ்னெஸ்ஸுக்குத்தான். ஒரு பங்கு அங்கேயே பிரிட்டிஷ் கப்பலில் ஏறியது, மிச்சம் உங்கள் சித்தியின் மொல்டேக்குப் போனது. ஒன்டால்ஸ்னெஸ்ஸை ஜெர்மன்காரர் குண்டு போட்டு எரித்துவிட்டார்கள்.

அம்மம்மா: 50 தொன் என்றால் எத்தனை பவுண்?

தம்பி: 62 லட்சத்துக்கு மேல் அம்மம்மா.

அம்மம்மா: முருகா! ஒன்றும் களவு போகவில்லையா?

மாமா: கடைசியில் 297 தங்கக் காசுதான் குறைந்ததாம்.

அம்மம்மா: இங்கே ஒரு தோட்டுக்கு மூன்று நாள் கட்டிலுக்குக் கீழே தேடினோம்.

சித்தி: அம்மாவை ஜன்னலோரம் இருத்துங்கோ. டொம்போஸ் 659 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து கடல் மட்டத்துக்கு இறக்கம். வெர்மா பக்கம் மலைக்குள்ளேயே ரயில் வளைந்து திரும்பும். அப்புறம் ஷில்லிங் பாலம், 59 மீட்டர் கீழே ரௌமா ஆறு.

தம்பி: ஷில்லிங் என்றால் நோர்வேஜிய மொழியில் கோழியல்லவா 🐔

சித்தி: கோழிதான், ஆனால் பார்த்தால் வாய் மூடாது. பஸ்ஸுக்கு நேரம் மிஞ்சினால், நிலையத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றைச் சின்னத் தேவாலயமாக்கி வைத்திருக்கிறார்கள், அதையும் எட்டிப் பாருங்கோ.

அம்மம்மா: எந்தச் சாமி என்றாலும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுவோம்.

நான்: ரிக்கெற் எடுத்தாயிற்று. டொம்போஸில் மாறும்போது பலகாரப் பெட்டிகளை யார் தூக்குவது?

தம்பி: தங்கம் தூக்கின பரம்பரைக் கதை சொன்னவர்தான் 😂

மாமா: எனக்கு முழங்கால் நோ.