ஃபயர்பாலைத் தடுத்த கவுண்டர்ஸ்பெல்லை நான் தடுக்கலாமா? இன்றிரவு ஆட்டம் இருக்கிறது

நீலச்சுடர்:
வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் சண்டையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறோம். இன்றிரவு அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். நான் ஃபயர்பால் (தீக்கோள மந்திரம்) எறிந்தேன். எதிரி மந்திரவாதி அதைத் தடுக்கும் மந்திரமான கவுண்டர்ஸ்பெல் போட்டான். எனக்கு ரியாக்‌ஷன் (குறுக்கிட்டுச் செய்யும் ஒரு செயல்) மிச்சம் இருந்ததால் அவனுடைய கவுண்டர்ஸ்பெல் மீது நானும் ஒன்று போட்டேன். செல்லாது என்கிறார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). எல்லோரும் செய்கிற காரியம்தானே இது? விதி எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், அவரிடம் காட்டிவிடுகிறேன்.

பகடைமணி:
தாராளமாகச் செல்லும். ரியாக்‌ஷன் தனிக் கணக்கு. நீங்கள் ஆடும் முறைக்குள் (டர்ன்) நடந்தாலும் அது முறையைச் சேர்ந்ததல்ல. டிஎம் குழம்பியிருக்கிறார்.

மூன்றாம்மாடம்:
எந்தப் புத்தகம், 2014 பதிப்பா, 2024 பதிப்பா? இது தெரியாமல் பதில் இல்லை. ஃபயர்பாலுக்கு முன் அதே முறையில் வேறு மந்திரம் ஏதாவது போட்டீர்களா? பாத்திரம் எந்த வகை மந்திரவாதி, விசர்டா, சார்சரரா?

இரவுவிளக்கு:
எதிரி எவ்வளவு தூரத்தில் இருந்தான்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கவுண்டர்ஸ்பெல் 60 அடிக்குள்தான் வேலை செய்யும், ஆளையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஃபயர்பாலோ 150 அடி பாயும். 61ஆவது அடியில் நின்று எறிந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கல்வெட்டு:
இந்தக் கேள்வி இங்கே வராத மாதம் இல்லை. 2014 புத்தகத்தின் 10ஆம் அத்தியாயத்தைப் பொறுமையாக ஒரு முறை படித்தாலே விடை கிடைத்துவிடும். யாரும் படிப்பதில்லை, காணொளி பார்த்துவிட்டு ஆட வந்துவிடுகிறார்கள். பகடைமணி, நீங்கள் சொன்னது தவறு. போனஸ் ஆக்‌ஷனில் (முதன்மைச் செயலான ஆக்‌ஷனுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) ஒரு மந்திரம் போட்டால், அதே முறையில் ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப் (எளிய மந்திரம்) தவிர வேறு எந்த மந்திரமும் போடக் கூடாது என்பது விதி. ‘எந்த மந்திரமும்’ என்றால் ரியாக்‌ஷனில் போடுவதும் அதில் அடக்கம்.

பகடைமணி:
அவர் போனஸ் ஆக்‌ஷனில் எதையும் போட்டதாகச் சொல்லவில்லையே, ஐயா. ஃபயர்பால் ஆக்‌ஷன், கவுண்டர்ஸ்பெல் ரியாக்‌ஷன். நீங்கள் காட்டும் விதி 2014 விதி. அதன்படியே இது செல்லும்.

நீலச்சுடர்:
விசர்ட். அதற்கு முன் மிஸ்டி ஸ்டெப் என்ற இடம்மாறும் மந்திரத்தைப் போட்டு மாடத்துக்குத் தாவினேன், அது இங்கே முக்கியமா? புத்தகம் டிஎம் வைத்திருப்பது, எந்த ஆண்டு என்று தெரியவில்லை. எதிரி கவுண்டர்ஸ்பெல் போட்டதும் என்னைக் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் உறுதியால் தாக்குப்பிடிக்கும் பகடை) உருட்டச் சொன்னார். தோற்றேன். ஃபயர்பால் போய்விட்டது.

மூன்றாம்மாடம்:
மிக முக்கியம். கான்ஸ்டிட்யூஷன் சேவ் என்று சொன்னீர்களே, அதிலேயே பதிப்பும் தெரிந்துவிட்டது. பழைய கவுண்டர்ஸ்பெல்லில் சேவே கிடையாது. மூன்றாம் நிலை வரையிலான மந்திரம் தானாகவே அழியும். அதற்கு மேல் என்றால் தடுப்பவர் 10 உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டி வரும் எண்ணை எட்ட வேண்டும். தடுக்கப்பட்டவர் சேவ் உருட்டுவது 2024 புத்தகத்தில்தான். ஆகவே நீங்கள் ஆடுவது புதிய விதி.

இன்னும் ஒன்று தெரிய வேண்டும். மிஸ்டி ஸ்டெப்பை ஸ்லாட் (மந்திரம் போடுவதற்கான அளவான இருப்பு) செலவழித்துப் போட்டீர்களா, அல்லது ஏதாவது ஃபீட் (பாத்திரத்தின் சிறப்புத் திறன்) வழியாகவா? ஸ்லாட் என்றால் உங்கள் ஃபயர்பாலே செல்லாது.

நீலச்சுடர்:
ஃபே டச்ட் ஃபீட். ஸ்லாட் இல்லை.

மூன்றாம்மாடம்:
நல்லது, இப்போது முழுதாகச் சொல்லலாம்.

புதிய விதி போனஸ் ஆக்‌ஷனா, ரியாக்‌ஷனா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு முறையில் மந்திரத்துக்காக ஒரே ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம், அவ்வளவுதான். மிஸ்டி ஸ்டெப் ஃபீட்டிலிருந்து வந்தது, கணக்கில் சேராது. ஃபயர்பால் ஒரு ஸ்லாட், செல்லும். உங்கள் கவுண்டர்ஸ்பெல் அதே முறையில் இரண்டாவது ஸ்லாட், செல்லாது. டிஎம் சொன்னது சரி. இதையே எதிரியின் முறையில் செய்திருந்தால் தடையில்லை. அது வேறு முறை.

2014 விதிப்படி ஆடியிருந்தால் உங்கள் நிலை இன்னும் மோசம். மிஸ்டி ஸ்டெப் போனஸ் ஆக்‌ஷன் மந்திரம். அது ஃபீட்டிலிருந்து வந்ததா என்று பழைய விதி கேட்பதில்லை. ஃபயர்பாலும் போயிருக்கும்.

ஆனால் டிஎம்மிடம் நீங்கள் அவசியம் காட்ட வேண்டிய வரி ஒன்று இருக்கிறது, 7ஆம் அத்தியாயத்தில் கவுண்டர்ஸ்பெல் விவரத்திலேயே. சேவ் தோற்றால் மந்திரம் வீணாகும், ஆக்‌ஷனும் வீணாகும். ஸ்லாட் மட்டும் செலவாகாது. ஃபயர்பாலுக்கான மூன்றாம் நிலை ஸ்லாட்டை அவர் கழித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை மறுபடியும் எறியலாம்.

பகடைமணி:
ஸ்லாட் செலவாகவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த முறையில் அவர் ஒரு ஸ்லாட்டும் செலவழிக்கவில்லை. பிறகு அவர் கவுண்டர்ஸ்பெல் போடுவதில் என்ன தடை?

மூன்றாம்மாடம்:
வரிசையைப் பாருங்கள். எதிரி மந்திரம் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இவர் குறுக்கிட முடியும். அந்த நொடியில் இவருடைய ஸ்லாட் ஃபயர்பாலில் இருக்கிறது. சேவ் தோற்ற பிறகுதான் அது மீள்கிறது, அதற்குள் எதிரியின் கவுண்டர்ஸ்பெல் முடிந்துவிட்டது. ஸ்லாட் மீண்ட பிறகு, போனஸ் ஆக்‌ஷன் மிச்சம் இருந்தால் அதில் ஸ்லாட் மந்திரம் ஒன்றைப் போடலாம் என்றுதான் நானும் வாசிக்கிறேன். இவருக்கு அந்த வாய்ப்பு இல்லை, மிஸ்டி ஸ்டெப்பில் போய்விட்டது.

கல்வெட்டு:
இந்த வழக்காடலுக்கெல்லாம் புதிய புத்தகம்தான் காரணம். பழைய கவுண்டர்ஸ்பெல் ஓர் ஆயுதம். மூன்றாம் நிலை ஸ்லாட்டைக் கொடுத்தால் ஃபயர்பால் அழிந்தது, பேச்சு முடிந்தது. இப்போது பெரிய எதிரிகளின் கான்ஸ்டிட்யூஷனைப் பாருங்கள். தப்பித் தவறித் தோற்றாலும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற உருட்டைச் சில முறை மட்டும் வென்றதாக்கும் திறன்) வைத்து வென்றுவிடுகிறார்கள். எந்த இடத்தில் அந்த மந்திரம் தேவையோ அந்த இடத்தில் அது உதவுவதில்லை. ஆண்டுக்கணக்காக ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இரவுவிளக்கு:
நானும் வெகுகாலமாக ஆடுகிறவள்தான், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய விதியில் ஒருவர் தடுப்பார், அதை இன்னொருவர் தடுப்பார், அதை மூன்றாமவர் தடுப்பார். வாளேந்தியவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். தடுக்கப்பட்டவருக்கு முறையும் போய் ஸ்லாட்டும் போய், உருட்ட ஒரு பகடைகூட இருக்காது. இப்போது அவர் கையில் ஒரு உருட்டாவது இருக்கிறது. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸில் ஒன்று கரைந்தால் அது உங்களுக்கு லாபம்தான். அடுத்து வரும் பெரிய மந்திரத்துக்கு அது இருக்காது.

கல்வெட்டு:
மூன்றாம் நிலை ஸ்லாட்டையும் ரியாக்‌ஷனையும் கொடுத்து ஒரு ரெசிஸ்டன்ஸைக் கரைப்பது லாபமா? கணக்கு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இரவுவிளக்கு:
குழு முழுவதும் சேர்ந்து கரைக்கிறது. மந்திரவாதி மட்டும் ஆடுவதில்லை இந்த ஆட்டத்தை.

பகடைமணி:
நடுவில் ஒரு யோசனை. சார்சரர் நிலை கொஞ்சம் எடுத்து சட்டில் ஸ்பெல் (மந்திரம் போடுவதை மறைக்கும் திறன்) வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு சார்சரி பாயிண்ட் கொடுத்தால் சொல்லும் இல்லை, கையசைவும் இல்லை. எதிரிக்குத் தடுக்க எதுவுமே தெரியாது.

கல்வெட்டு:
ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். 2014 சட்டில் ஸ்பெல் பொருளை நீக்காது.

மூன்றாம்மாடம்:
2024இல் நீக்கும். விலை குறிக்கப்பட்ட பொருளும், மந்திரத்தில் தீர்ந்துபோகும் பொருளும் மட்டும்தான் விலக்கு. எச்சத்துக்கும் கந்தகத்துக்கும் விலை இல்லை. பகடைமணி சொன்ன வழி இவருடைய ஆட்டத்தில் வேலை செய்யும். ஆனால் இன்றிரவுக்கு ஆகாது. இன்றிரவுக்கு இரவுவிளக்கு சொன்ன 60 அடிதான் வழி. நீலச்சுடர், மாடத்திலிருந்து பின்னால் நகர இடம் இருக்கிறதா?

நீலச்சுடர்:
ஸ்லாட் திரும்பக் கிடைத்தது, வரியைப் பார்த்ததும் டிஎம் ஒப்புக்கொண்டார். பின்னால் சுவர்தான். தூணுக்குப் பின் ஒளியப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி, அழைக்கிறார்கள்.

இரவுவிளக்கு:
தூண் உதவும். உங்களைப் பார்க்க முடியாதவரை அவனால் தடுக்க முடியாது. ஆனால் ஃபயர்பால் போடும் நொடியில் நீங்கள் தூணுக்கு வெளியே நின்றால் அவன் பார்த்துவிடுவான், அதை முன்பே டிஎம்மிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கல்வெட்டு:
முழு மறைவில் நின்றால் இவருக்கும் இலக்கு தெரியாது. 10ஆம் அத்தியாயம்.

மூன்றாம்மாடம்:
அவர் ஆடுவது 2024, ஐயா. 7ஆம் அத்தியாயம்.