ஃபேரிங்கைக் கழற்றி மாட்டும்போது லாக் உடையாமல் காப்பது: மூவரின் அனுபவம்

ஓசூரிலிருந்து:

முழு ஃபேரிங் (பைக்கின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் பிளாஸ்டிக் உறை) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், ரேடியேட்டரைச் சுத்தம் செய்யவோ, கூலன்ட் மாற்றவோ, எலி கடித்த வயரைத் தேடவோ என்றாவது ஒருநாள் அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றியே ஆக வேண்டும். என்னிடம் இருப்பது 2018-இல் இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு. அதையும், நண்பர்களின் பல்சர் ஆர்எஸ் 200, ஜிக்ஸர் எஸ்எஃப் வண்டிகளையும் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டிய பழக்கத்தில் எழுதுகிறேன். ஃபேரிங்கின் ஒவ்வொரு துண்டையும், அதாவது பேனலையும், பிடித்துவைத்திருக்கும் லாக் உடைவது பெரும்பாலும் பலமாக இழுத்ததால் அல்ல, தவறான திசையில் இழுத்ததால்தான்.

பேனலின் பின்பக்கத்தில் இருக்கும் பிடிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி விடுபடுவதில்லை. ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் ஆணியை நேராக வெளியே இழுக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்து நெம்பினால் அது அடியோடு முறிந்து, ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். பள்ளத்துக்குள் சறுக்கி உட்காரும் கொக்கியோ இதற்கு நேர்மாறானது. அதை வெளியே இழுத்தால் உடையும். பேனலை முன்னாகவோ பின்னாகவோ ஒரு விரற்கடை நகர்த்தினால் எந்த முயற்சியுமின்றிக் கழன்றுவரும். சிக்கல் என்னவென்றால், ஒரே பேனலில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே கைவைப்பதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் பேனலின் ஓரத்து இடைவெளி வழியாக உள்ளே பார்த்து, எங்கே ஆணி, எங்கே கொக்கி, கொக்கியின் வாய் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று அறிந்துகொள்வது என் வழக்கம். அதே மாடலின் பேனல் பழைய உதிரிபாகக் கடையில் கண்ணில் பட்டால் அதைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தவருக்குக் கழற்றுவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

பேனல்களைச் சேர்த்துப் பிடிக்கும், கறுப்பு நிறத்தில் வட்டமாக இருக்கும் புஷ் பின்களைப் (அழுத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் பின்கள்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அவற்றை ஸ்க்ரூடிரைவரால் தோண்டியே எடுக்கிறார்கள். நான் பார்த்த வண்டிகளில் இருந்த வகையில், நடுவில் உள்ள சிறு பொட்டை மெல்லிய கம்பியால் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும்வரை உள்ளே அழுத்தினால், பின்னால் விரிந்திருக்கும் கால்கள் சுருங்கி, பின் முழுவதும் விரலோடு வந்துவிடும். அளவுக்கு மீறி அழுத்தினால் நடுப்பகுதி மட்டும் கழன்று ஃபேரிங்குக்குள் விழுந்துவிடும். திரும்ப மாட்டும்போது நடுப்பகுதியைப் பின்னாலிருந்து தள்ளி மேலே துருத்திக்கொண்டிருக்கச் செய்து, துளையில் வைத்த பிறகு, மேற்பரப்போடு சமமாகும்வரை அழுத்த வேண்டும். நடுப்பகுதியை மேல்நோக்கி இழுத்துக் கழற்றும் வேறொரு வகையும் உண்டு. அதன் தலையின் விளிம்பில் நகம் நுழையுமளவு வெட்டு இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். மண் நிரம்பி இறுகிப்போன பின்னை முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும்.

எல்லாத் திருகுகளையும் எடுத்தாகிவிட்டது என்று நினைத்த பிறகும் பேனல் ஓரிடத்தில் மட்டும் அசைய மறுக்கிறதென்றால், அங்கே இன்னும் ஒரு திருகு ஒளிந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியிலும், டேங்க்கின் ஓரத்திலும், வைசருக்குப் பின்னாலும், இடப்பக்கமும் வலப்பக்கமும் சந்திக்கும் அடிவயிற்றிலும் தேடினால் கிடைக்கும். கழன்ற பேனலை உடனே தூக்கிக்கொண்டு நகரவும் கூடாது. இண்டிகேட்டர் வயர் அதனோடு சேர்ந்தே வருமாதலால், ஒரு கையால் பேனலைத் தாங்கியபடி கனெக்டரின் நாக்கை அழுத்திப் பிரித்த பிறகே கீழே இறக்க வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை, பேனலின் உருவத்தைத் தோராயமாக வரைந்த அட்டையில் அந்தந்த இடத்திலேயே குத்திவைப்பேன். நீளமான போல்ட் இடம் மாறிப்போனால், அது உள்ளே வயரையோ ரேடியேட்டரையோ உரசும்.

உதகையிலிருந்து:

மேலே உள்ளவர் சொன்னவற்றோடு குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஜனவரி மாதக் காலையில் பிளாஸ்டிக் வளைந்துகொடுக்காது, அப்பளம் போல நொறுங்கும். வண்டியை வெயிலில் நிறுத்தி, பேனல் கைக்கு இளஞ்சூடாகத் தெரிந்த பிறகே நான் வேலையைத் தொடங்குவேன். வெயில் இல்லாத நாளில், தலைமுடி உலர்த்தும் கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, லாக் இருக்கும் பகுதியை மட்டும் சூடாக்கலாம். பெயின்ட் அடிக்கும் கடையில் இருக்கும் ஹீட் கன் வேண்டாம். அதன் வெப்பத்தில் பேனலே நெளிந்துவிடும்.

என்னுடையது 2003-இல் வந்த முதல் கரிஸ்மா வரிசையைச் சேர்ந்த பழைய வண்டி. அதற்குப் புதிய பேனல் எளிதில் கிடைக்காததால், முந்தைய உரிமையாளர் காலத்தில் முறிந்த லாக்குகளை ஒட்டிச் சரிசெய்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஒட்டுவதற்கு முன், பிளாஸ்டிக்கின் வகையைக் குறித்துப் பேனலின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால், அதே வகைப் பிளாஸ்டிக்கின் சிறு துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்து, தேன் பதத்துக்குக் கரைந்ததும் விரிசலில் தடவலாம். அசிட்டோன் இருபக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடுவதால், ஒரு நாள் முழுதும் காயவிட்டால் ஒட்டு உறுதியாக நிற்கும். பெயின்ட் அடித்த பக்கத்தில் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. விழுந்த இடத்தில் பெயின்ட் இளகிவிடும். பிபி (PP, பாலிப்ரொப்பிலீன்) என்றிருந்தால் அசிட்டோனால் எந்தப் பயனும் இல்லை, சாதாரணப் பசையும் உரிந்து வந்துவிடும். அதற்குச் சால்டரிங் அயனால் உருக்கி இணைப்பதும், இணைப்பின் மேல் மெல்லிய எஃகு வலையைச் சூட்டோடு பதிப்பதுமே நிலைக்கும். அந்தப் புகை நல்லதல்ல, ஆகவே திறந்தவெளியில் செய்யுங்கள். ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும் கலந்து ஒட்டுவதைப் பலர் புகழ்கிறார்கள். அது நொடியில் கல்லாக இறுகுவது உண்மைதான். ஆனால் லாக் என்பது வளைந்துகொடுக்க வேண்டிய பாகம், கல் வளையாது.

இன்னொரு செய்தி. இந்த வண்டியின் போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திர வடிவில் மெல்லிய வெடிப்புகள் இருந்தன. போல்ட் அதிர்வில் தளராமலிருக்க யாரோ ஒரு மெக்கானிக் மரையில் தாராளமாகத் த்ரெட் லாக்கர் இட்டிருக்கிறார். அந்தத் திரவம் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்கச் செய்யும். இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு அது சிறந்த பொருள். பிளாஸ்டிக்கைத் தொடும் போல்ட்டுக்கு ஒருபோதும் ஆகாது. துடைப்பதற்குப் பெட்ரோல் பயன்படுத்துவதும் இதே வகைக் கெடுதிதான். வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க, அதன் நுனியில் மெல்லிய டிரில் பிட்டால் ஒரு சிறு துளை இட்டு, உட்புறத்தில் வலை வைத்து மூடினேன். அதற்கு மேல் அது நகரவில்லை.

திருநெல்வேலியிலிருந்து:

நான் மாட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்த என் வண்டியில், ஃபேரிங் போல்ட்டுகளுக்கு உள்ளே இருக்க வேண்டிய உலோகப் புஷ்கள் சில காணாமல் போயிருந்தன. பார்ப்பதற்கு அற்பமான அந்தக் குழாய்த் துண்டுதான் போல்ட்டின் அழுத்தத்தைத் தாங்குகிறது; அது இல்லையென்றால் இறுக்குவதெல்லாம் நேராகப் பிளாஸ்டிக்கின் மேல் விழுந்து, துளை ஓரம் பிளந்துவிடும். வண்டியை எடுக்கும்போதே டார்ச் அடித்து இதைப் பார்த்துவிட்டால், அங்கேயே கேட்டு வாங்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் எடுபடாது.

மாட்டும்போது முதலில் கொக்கிகளைப் பள்ளத்தில் அமர்த்தி, பிறகு ரப்பரில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஆணிகளை உள்ளங்கையால் அழுத்தி, போல்ட்டுகளைக் கடைசியாகவே தொட வேண்டும். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் சில மரைகள் பிடிக்கும்வரை மட்டும் திருகி, ஓரத்து இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு இறுக்கலாம். இடைவெளி அகன்றிருக்கும் இடத்தில் போல்ட்டைத் திருகி மூடப் பார்ப்பதுதான் பலர் லாக்கை உடைக்கும் தருணம். அங்கே ஒரு கொக்கி வெளியே நிற்கிறது, கழற்றி மறுபடி அமர்த்துவதே வழி. இறுக்குவதற்கு எல்-கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்தால் போதும், தேவைக்கு மேல் பலம் போகாது. கடைசியாக ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, கேபிள் எங்கும் மாட்டவில்லை என்றும், இண்டிகேட்டர் எரிகிறது என்றும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.