வளவுக்குள் நடந்தால் இதயத்துக்குப் போதுமா?

கானாடுகாத்தான் முகப்புவாசி:
வயது 63. இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை. மாத்திரையோடு தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொல்லியிருக்கிறார் டாக்டர். விடிகாலையில் தெருவில் இறங்கினால் நாய்கள். ஊருணிக் கரைக்குப் போனால் பேச்சுத்துணை சேர்ந்து, நடை நின்றுவிடுகிறது. அதனால் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள பழைய வீடு. எண்ணிப் பார்த்தேன்: முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்கதவு வரை 118 எட்டு. அரை மணியில் 12 தடவை போய்வருகிறேன். "இது நடையில்லை, உலாத்தல்" என்கிறாள் வீட்டுக்காரி. யார் சொல்வது சரி?

பாதயாத்திரைக்காரன்:
அண்ணே, நான் வருடாவருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவன். மார்கழியில் பழகுவேன், தையில் நடப்பேன், மாசியிலிருந்து கடையில் உட்கார்ந்த இடம்தான். போன முறை ரத்தம் பரிசோதித்தபோது சர்க்கரை, கொழுப்பு இரண்டும் கூடுதல். முருகன் மேல் குற்றமில்லை! தினமும் நடக்கும் உங்களைப் பார்த்தால் பொறாமைதான்.

தேவகோட்டை பிசியோ:
முகப்புவாசி அண்ணே, நீங்களும் வீட்டுக்காரியும் பாதி பாதி சரி. போய்வர 236 எட்டு, 12 தடவை என்றால் 2,832. நிமிடத்துக்கு 94. மிதமான வேகத்துக்கு நிமிடத்துக்கு 100 எட்டு என்பது தோராயக் கணக்கு. ஒரே ஒரு தடவை கூட்டுங்கள், உலாத்தல் நடையாகிவிடும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையை 2020-ல் எடுத்துவிட்டார்கள். காலையில் ஆறு தடவை, சாயங்காலம் ஏழு தடவை என்று பிரித்தாலும் சரி. லண்டன் மாடி பஸ்களை வைத்து ஜெரமி மாரிஸ் என்ற ஆய்வாளர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு உண்டு: உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அவர்களும் பஸ்ஸுக்குள்தானே நடந்தார்கள்!

கால் தசை ரத்தம் கேட்கும்போது ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து குழாயை விரிக்கும். தொடர்ந்து இது நடந்தால் பிரஷர் இறங்க உதவும். யாத்திரைக்கார அண்ணே, சில வாரம் விட்டாலே பலன் கரைய ஆரம்பித்துவிடும். முகப்புவாசி அண்ணே, வாட்ச் காட்டும் துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். பிரஷருக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை துடிப்பை ஏறவிடாது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ வலித்தால், குப்பென்று வியர்த்தால் உட்கார்ந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கானாடுகாத்தான் முகப்புவாசி:
பத்து நாளாக 13. முதல் நாளே ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டேன்; இப்போது தரை துடைப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறேன். பிரஷர் அடுத்த மாதம்தான் பார்க்க வேண்டும். நேற்று பதினோராவது தடவையில் முருகன் பாட்டு ஒன்று பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் மூச்சு வாங்கியது. அடுப்படியிலிருந்து சத்தம்: "யாருகிட்ட சண்டை போடுறீக?"